குறிஞ்சியிலை கொய்யும் நெறி

பத்துப்பாட்டு என்னும் தொகை நூலுள் ஒன்று குறிஞ்சிப்பாட்டு. அதனை இயற்றியவர் கபிலர். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்தும்பொருட்டு அவர் அதனைப் பாடினார் என்பர். தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடி, மலைச்சாரல் எங்கும் திரிந்து, பல்வகைப் பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவித்த செய்தி அப்பாட்டில் வருகின்றது. அங்கே கூறப்படும் பூக்கள் 99 வகை என எண்ணிக் கூறுவது வழக்கம். அவற்றுள் குறிஞ்சியும் ஒன்று.

அம்மகளிரை நோக்கி, "யாரைக் கேட்டுப் பறித்தீர்கள்?" என்று வினவியவர் ஒருவரும் இலர். அந்நாளில் காடு பரந்து கிடந்தது. பறிக்கும் கைகளோ சில. இந்நாளில் அதே குறிஞ்சியின் ஓர் இலையைப் பள்ளி மாணவி ஒருத்தி கல்வியின்பொருட்டுக் கிள்ளினாலும், அதற்குமுன் அரசின் இசைவைப் பெற்றாக வேண்டும். இந்நிலை எதனால் வந்தது, அவ்விசைவைப் பெறும் நெறி யாது என்பனவற்றை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இங்கே காண்போம்.

எங்கள் தெருவில் வாழும் மாணவி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பில் பயில்பவள், ஒருநாள் மாலை என்னிடம் வந்தாள். அறிவியற் கண்காட்சிக்காகத் தான் ஓர் ஆய்வு செய்யப் போவதாகவும், அதன் முகப்பில் எழுதுவதற்குக் குறிஞ்சியைப் பற்றிய பழஞ்செய்திகள் சில வேண்டும் என்றும் கூறினாள்.

"என்ன ஆய்வு, அம்மா?" என்று கேட்டேன்.

"தாத்தா, என் மாமா கொடைக்கானலுக்கு அருகில் இருக்கிறார். அங்கே சில சரிவுகளில் குறிஞ்சிச் செடியே அடர்ந்து நிற்கிறது. அதனடியில் வேறு செடிகள் மிகுதியாக இல்லை என்று சொன்னார். குறிஞ்சி இலையிலுள்ள ஏதோ ஒரு பொருள் மற்ற விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கிறதோ என்று எனக்கு ஐயம். இலையை அரைத்து, அந்தச் சாற்றில் பச்சைப்பயற்றை முளைக்க வைத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு கூடை இலை கொண்டுவரும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்" என்றாள்.

வினா நல்ல வினா. கண்ணால் கண்டதிலிருந்து ஐயம் பிறந்து, ஐயத்திலிருந்து சோதனை பிறந்திருக்கின்றது. ஆயினும், 'ஒரு கூடை' என்னும் சொல் என் நெஞ்சில் தைத்தது.

"முதலில் மாமாவுக்குத் தொலைபேசியில் சொல், குழந்தாய். ஓர் இலையும் பறிக்க வேண்டா என்று சொல். பிறகு பேசுவோம்" என்றேன்.

அவள் முகம் வாடிற்று. "நான் விற்பதற்கா கேட்டேன், தாத்தா? படிப்பதற்குத்தானே?" என்றாள். அவளுக்கு நான் கூறிய விடையே இனி வருவது.

முதற்கண் குறிஞ்சியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். நாம் நீலக்குறிஞ்சி என வழங்கும் செடிக்குத் தாவர நூலோர் இட்ட பெயர் ஸ்ட்ரோபிலாந்தெஸ் குந்தியானா என்பது. ஆடாதோடையும் கனகாம்பரமும் எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1300 மீட்டர் முதல் 2400 மீட்டர் வரை உயர்ந்த புல்வெளிச் சரிவுகளில் இது வளரும். நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாற்றுப் பகுதி ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். குறிஞ்சி பூத்த தடவைகளை எண்ணித் தம் அகவையைக் கணக்கிடும் வழக்கம் பளியர் முதலிய மலைவாழ் மக்களிடையே இருந்தது என்பர்.

ஏனைய செடிகளைப்போல ஆண்டுதோறும் பூப்பது குறிஞ்சிக்கு இயல்பன்று. முளைத்தது முதல் பல்லாண்டு இலையும் கிளையுமாகவே நிற்கும். பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு சாரலில் உள்ள செடிகள் எல்லாம் ஒருங்கே பூத்து, மலையை நீலமாக்கும். பின்பு காய்க்கும், காய் முற்றி வெடித்து விதை சிதறும், அத்துடன் தாய்ச்செடி மடிந்துவிடும். 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மூணாறு, கொடைக்கானல் பகுதிகளில் இவ்வாறு பெருமலர்ச்சி நிகழ்ந்தது. அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகின்றது. சிற்சில சாரல்களில் இடையாண்டுகளிலும் பூப்பது உண்டு. எல்லாச் சாரலும் ஒரே கணக்கில் நிற்பன அல்ல.

இதனை எண்ணிப் பாருங்கள். மாமரம் இவ்வாண்டுப் பூவை மழையில் இழந்தாலும் வரும் ஆண்டு மீண்டும் பூக்கும். குறிஞ்சிக்கு அவ்வாய்ப்பு இல்லை. தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும் செடியிடமிருந்து அப்பூங்கொத்தைப் பறித்துவிட்டால், அது தன் பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பையும் இழந்து, வழித்தோன்றல் இன்றி மடியும். பூக்காத ஆண்டுகளில் இலையைப் பறிப்பது அத்துணைத் தீங்கு அன்று எனலாம். ஆயினும் ஒருவர் ஒரு கூடை, மற்றொருவர் ஒரு கூடை எனப் பறித்துக்கொண்டே போனால் பூக்கும் ஆண்டுவரை வலிவோடு நிற்கும் செடிகள் எத்தனை? அன்றியும் அது வாழ்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களாகவும், தைலமரக் காடுகளாகவும், சீகை மரக் காடுகளாகவும் முன்னரே மாறிவிட்டது. எஞ்சியிருப்பது சிறு பரப்பே.

இக்காரணங்களால் குறிஞ்சிக்குச் சட்டத்தின் காவல் வந்தது. தமிழாசிரியனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக் கூடும். சட்டநூலும் ஒரு நூலே. சொல்லுக்குச் சொல் நின்று பொருள் கொள்ளப் பழகியவனுக்கு அது புதியது அன்று. ஆதலின் அம்மாணவிக்கு அதனை உரையாசிரியர் முறையிலேயே விளக்கினேன்.

நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது விலங்குகளையும் பறவைகளையுமே பெரிதும் கருதியது. 1991இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தாவரங்களுக்கெனத் தனி அதிகாரம் ஒன்று அதனுள் சேர்க்கப்பட்டது. அப்போது காவல் பெற்ற தாவர வகைகள் ஆறே. திருப்பதி மலைப்பகுதியில் வளரும் ஒருவகைச் சைக்கஸ், மேகாலயத்துக் குடுவைச் செடி, நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பெண்டிர் காலணி போன்ற பூவுடைய ஆர்க்கிடு இனம், இமயமலைக் கோட்டம் ஆகியவை அவை. கோட்டம் என்றதும் எனக்குப் பழைய உரைகள் நினைவுக்கு வந்தன. ஐவகை விரைகளுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணிய நறுமணப் பொருள் அது. மணமே அதற்குப் பகையாயிற்று. பின்னர் 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தாவரப் பட்டியல் விரிந்தது. நீலக்குறிஞ்சியும் அதில் இடம் பெற்றது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பட்டியலில் இடம்பெற்ற செடியைக் காட்டு நிலத்திலிருந்து வேண்டுமென்றே கொய்தல், வேரொடு பிடுங்குதல், சிதைத்தல், அழித்தல், கைக்கொள்ளுதல், திரட்டுதல் ஆகிய யாவும் விலக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லில் அடங்குவதை ஆறு சொல்லால் விரித்தது ஏன் என்று மாணவி கேட்டாள். "நான் பிடுங்கவில்லை, கிள்ளினேன்" என்று ஒருவன் தப்பிக்கக் கூடாது. "நான் கிள்ளவில்லை, பிறன் கிள்ளித் தந்ததை வாங்கினேன்" என்று மற்றொருவன் தப்பிக்கக் கூடாது. இவ்விடத்தில் ஒரு சொல்லும் மிகையன்று. மேலும் அச்செடி உயிருள்ளதாயினும் உலர்ந்ததாயினும், முழுமையாயினும் ஓர் உறுப்பாயினும், அதனை வைத்திருத்தலும் விற்றலும் விலக்கே. புத்தகத்தின் இடையே வைத்து உலர்த்திய பூவும் இதனுள் அடங்கும் என்று கூறியபோது அவள் திடுக்கிட்டாள். மீறுவோர்க்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அட்டவணைப் பழங்குடியினர் தாம் வாழும் மாவட்டத்தில், தம் சொந்தத் தேவைக்காக எடுத்துக்கொள்ளுதற்குச் சட்டம் இடம் தந்துள்ளது. அது நேரிய விதியே. அம்மலையில் அச்செடியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் அவர்.

இனி மாணவி கேட்ட வினாவிற்கு வருவோம்: "படிப்பதற்குத்தானே?" சட்டமும் அதனை மறந்துவிடவில்லை. கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, அறிவியல் நிலையங்களின் உலர்தாவரத் தொகுப்பில் வைத்துக் காத்தல், ஏற்புப் பெற்ற நிலையங்கள் செடியைப் பெருக்குதல் என்னும் நோக்கங்களுக்காக, மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர், மாநில அரசின் முன்னிசைவு பெற்று, அனுமதிச் சீட்டு வழங்கலாம். அச்சீட்டில் குறித்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே எடுத்தல் வேண்டும். ஆகவே கதவு அடைக்கப்படவில்லை. தட்டித் திறக்க வேண்டிய கதவாக இருக்கின்றது. கல்வி என்னும் நோக்கம் அனுமதி கேட்பதற்கு உரிமை தருகின்றதே அன்றி, கேளாமல் எடுப்பதற்கு உரிமை தரவில்லை. பலர் வழுக்கி விழும் இடம் இதுவே.

செடி எது என்பதோடு, அது நிற்கும் நிலம் யாது என்பதும் அறியத்தக்கது. காப்புக்காட்டிலிருந்து இலை, பூ, விதை ஆகியவற்றை எடுப்பது, பட்டியலில் இல்லாத செடியாயினும், தமிழ்நாடு வனச்சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டதே. அச்சட்டம் 1882ஆம் ஆண்டினது. தரையில் உதிர்ந்து கிடந்ததை எடுத்தேன் என்பதும் விடையாகாது. உதிர்ந்த இலையும் காட்டு விளைபொருளே.

சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் விதி இன்னும் இறுக்கமானது. அங்கே ஆய்வு செய்வதற்காக உள்ளே செல்ல அனுமதி உண்டு. ஆனால் அங்குள்ளவற்றை வெளியே எடுத்துச் செல்லுதல், அவ்விடத்து உயிரினங்களின் நலனுக்கும் நிருவாகத்திற்கும் தேவை என்று அரசு கருதினால் அன்றி, இசையப்படுவது இல்லை. கொடைக்கானல் மலைக்காடுகளில் பெரும்பரப்பு 2013இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீலகிரியில் முக்குருத்தி தேசியப் பூங்காவும், கேரளத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவும், குறிஞ்சிக்கென்றே 2006இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயமும் உள்ளன. கேரளத்து நிலமாயின் விண்ணப்பம் அம்மாநிலத்துக் காப்பாளருக்கே செல்ல வேண்டும். மாமா கூறிய சரிவு எந்த எல்லைக்குள் இருக்கின்றது என்பது மாமாவுக்கே தெரியவில்லை! வழிப்போக்கனுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தானே தோன்றும்? எனவே, எல்லையை மாவட்ட வன அலுவலரிடம் கேட்டறிவதே முதல் வேலை என்று முடிவு செய்தோம்.

பல்லுயிர்ச் செல்வம் பற்றிய வேறொரு சட்டமும் உண்டு. அது 2002இல் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த தேசியப் பல்லுயிர் ஆணையம் 2003 முதல் சென்னையில் இயங்குகின்றது. இந்தியக் குடிமகள் வாணிக நோக்கமின்றிச் செய்யும் பள்ளிச் சோதனைக்கு அவ்வாணையத்தின் இசைவு வேண்டுவதில்லை. அயல்நாட்டார்க்கு அனுப்புவதாயின் நிலை வேறு.

இவற்றையெல்லாம் கேட்ட பின் அவள், "அப்படியானால் விண்ணப்பம் எழுதுவோம், தாத்தா" என்றாள். எழுத அமர்ந்தோம். 'எவ்வளவு வேண்டும்?' என்ற முதல் இடத்திலேயே எழுதுகோல் நின்றுவிட்டது. ஒரு கூடை என்று எழுதினால் எந்த அலுவலர் இசைவார்? இசைவதும் முறையன்று. ஆதலின் தேவையைக் கணக்கிட்டோம். இப்பகுதியை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்.

பத்து கிராம் இலையை 100 மில்லிலிட்டர் நீரில் அரைத்து வடித்தால் முழுச்செறிவுச் சாறு கிடைக்கும் எனக் கொண்டோம். ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் தாளை விரித்து, பத்துப் பச்சைப்பயறுகளைப் பரப்பி, 5 மில்லிலிட்டர் சாறு ஊற்றுவது என்பது திட்டம். முழுச்செறிவு, பாதிச்செறிவு, கால்செறிவு என மூன்று நிலை. ஒரு தட்டில் கண்டது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே நிலை ஒன்றுக்கு மூன்று தட்டு. வெறும் நீர் ஊற்றிய தட்டுகள் மூன்று, ஒப்பிடுவதற்காக. ஆகத் தட்டுகள் 12, பயறுகள் 120.

முழுச்செறிவுத் தட்டுகள் மூன்றுக்கும் 15 மில்லிலிட்டர் சாறு வேண்டும். பாதிச்செறிவுத் தட்டுகளுக்கும் 15 மில்லிலிட்டரே. ஆனால் அதில் பாதி நீராதலால் சாறு 7.5. கால்செறிவில் சாறு 3.75. கூட்டினால் 26.25 மில்லிலிட்டர். சிந்துவதற்கும் கணக்கு வைத்து 30 எனக் கொண்டால், அதற்கு வேண்டும் இலை மூன்று கிராம்! சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து சரிபார்ப்பதற்கும் சேர்த்து ஆறு கிராம். ஒரு கூடையாகத் தொடங்கியது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

அவள் அந்த எண்ணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கணக்குப் போடாமல் இருந்திருந்தால் மாமா ஒரு கூடையைப் பறித்திருப்பார், மிச்சத்தைக் குப்பையில் கொட்டியிருப்பேன்" என்றாள். அறிவியல் ஆசிரியரும் இக்கணக்கைப் பார்த்து ஒப்பினார். ஆனால் அவர் ஒரு குறையும் கூறினார். சாறு பயற்றைத் தடுத்தால், அது குறிஞ்சிக்கே உரிய பொருளாலா, எந்த இலைச்சாறாயினும் அப்படித்தானா என்பதை எவ்வாறு அறிவாய் என்று வினவினார். அதற்காக, வேறோர் இலையின் சாற்றையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். குறிஞ்சியின் உறவான ஆடாதோடை எங்கள் தெருவில் பல வீட்டு வேலியாக நிற்கின்றது. அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டா. வேலிக்கு உரியவரின் இசைவு போதும். அதையும் அவள் கேட்டே பறித்தாள்.

ஆசிரியரின் இவ்வினாவால் மற்றொரு நன்மையும் விளைந்தது. தட்டு வைப்பது, சாறு வடிப்பது, வேரின் நீளத்தை அளப்பது ஆகிய கைப்பழக்கங்களை எல்லாம் ஆடாதோடையில் பயின்றுகொள்ளலாம். பிழைகள் எல்லாம் அங்கே நிகழட்டும். கிடைத்தற்கு அரிய இலை கைக்கு வரும்போது கை தடுமாறக் கூடாது.

விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியரின் பெயரால் எழுதப்பட்டது. சிறார் ஒருவர் தாமே கேட்பதினும் நிலையம் ஒன்று பொறுப்பேற்றுக் கேட்பது முறை. செடியின் தமிழ்ப் பெயரும் தாவரப் பெயரும். கேட்கும் உறுப்பு இலை மட்டும், வேரோ பூவோ விதையோ அன்று என்பது. அளவு ஆறு கிராம். ஒரே செடியிலிருந்து அன்றி ஆறு செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது. எடுக்கும் நாளில் உடனிருக்கும் ஆசிரியர் யார் என்பது. எஞ்சிய இலையை என்ன செய்வது என்பது ஆகியவை அதில் இடம்பெற்றன. கடைசிச் செய்தியை எழுதும்போது அவள் தயங்கினாள். எஞ்சியதை நினைவுக்காக வைத்துக்கொள்ள அவளுக்கு ஆசை. "சீட்டில் அதற்கு இசைவு இல்லையேல் வைத்திருத்தலும் குற்றம், குழந்தாய்" என்றேன். வன அலுவலர் கூறும் வண்ணம் ஒப்படைக்கப்படும் அல்லது அழிக்கப்படும் என்று எழுதினாள். முழுச் சோதனைத் திட்டமும் தட்டுக் கணக்கும் தனித்தாளில் இணைக்கப்பட்டன.

அனுமதி கிடைத்து இலை எடுக்கும் நாளில் செய்ய வேண்டுவனவும் சில உள. சீட்டின் மூலத்தையே உடன் எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் வைத்துவிட்டுக் காட்டில் நின்று வாதிடுவதால் பயன் இல்லை. வனச்சரக அலுவலருக்கு முன்கூட்டியே அறிவித்து, வனக் காப்பாளர் உடன்வரக் கொய்வது நலம். கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். ஒடித்தால் கிளை கிழியும். பாதையிலிருந்து எட்டும் செடிகளை விட்டு உள்ளே மிதித்துச் செல்லலாகாது. ஆறு கிராம் இலைக்காக அறுபது நாற்றுகளை மிதித்தவன் சட்டத்திற்குத் தப்பினாலும் குறிஞ்சிக்குத் தீங்கு செய்தவனே ஆவான். எடுத்த இலையைத் தாளுறையில் இட்டு, அதன்மேல் நாள், இடம், உயரம், எடுத்தவர், சீட்டின் எண் ஆகியவற்றை அப்பொழுதே எழுத வேண்டும். வீடு திரும்பி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தவர் பலர் நாளை மறந்தனர். இடத்தை மாற்றி எழுதினர். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இலையால் பெற்ற முடிவை அறிஞர் ஏற்பதில்லை. ஆகவே அவ்வெழுத்துச் சட்டத்திற்கு மட்டும் அன்று, ஆய்வுக்கும் வேண்டுவதே.

அனுமதி கிடையாவிடில் என் செய்வது? மாமா கூறிய சரிவு சரணாலய எல்லைக்குள் அமைந்திருப்பின் பெரும்பாலும் கிடையாது. இதனையும் முன்கூட்டியே அவளோடு பேசினேன். அவளுடைய வினாவை மீண்டும் நினைத்துப் பாருங்கள்: குறிஞ்சியின் அடியில் பிற செடிகள் குறைவாக இருப்பது ஏன்? இதனை அறிய இலை நம் வீட்டிற்கு வந்துதான் ஆக வேண்டுமா? நாம் இலை இருக்கும் இடத்திற்குச் செல்லலாம் அன்றோ? ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் கயிற்றைக் கட்டி, குறிஞ்சி அடர்ந்த இடத்தில் ஐந்து முறையும், அருகிலுள்ள திறந்த புல்வெளியில் ஐந்து முறையும் அதனை மெல்ல வைத்து, சதுரத்தினுள் எத்தனை வகைச் செடிகள், ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணலாம். நிழல் எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு என்றும் குறிக்கலாம். ஒருவேளை இலையின் சாறு யாதொன்றும் செய்யாதிருக்க, அடர்ந்த நிழலே பிற செடிகளைத் தடுத்திருக்கலாம். தட்டில் பயறு முளைக்க வைத்தால் இவ்வுண்மை வெளிப்படாது. இவ்வெண்ணிக்கைக்கும் உள்ளே செல்லும் அனுமதி வேண்டும். ஆனால் எடுத்துச் செல்லும் இசைவினும் அதனைப் பெறுதல் எளிது. ஏதும் கொய்யப்படுவதில்லை அல்லவா?

குறிஞ்சியின் உருவத்தை மட்டும் ஆராய விரும்பும் மாணவர்க்கு மற்றுமொரு வழி உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்வட்டார நிலையம் 1955 முதல் கோயம்புத்தூரில் உள்ளது. அங்குள்ள உலர்தாவரத் தொகுப்பில் தென்னாட்டுச் செடிகள் பல, முறையாக எடுக்கப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு, எடுத்தவர் பெயரோடும் நாளோடும் காக்கப்படுகின்றன. என்றோ ஒருவர் முறையோடு எடுத்து வைத்த ஒரு கிளை, இன்று வரும் மாணவர் பலர் மீண்டும் மீண்டும் பறிக்க வேண்டிய தேவையை நீக்குகின்றது. ஆசிரியர் வழியாக முன்னரே எழுதிக் கேட்டுச் செல்லலாம்.

விண்ணப்பம் பதிவு அஞ்சலில் சென்றது. கண்காட்சி நாளுக்கு இரண்டே திங்கள் எஞ்சியிருந்தது; மாநில அரசின் இசைவு வரையில் செல்லவேண்டிய தாள் அதற்குள் திரும்புவது அரிது என்று நான் அவளிடம் மறைக்கவில்லை. இத்தகைய வேலையைப் பள்ளி திறந்த முதல் திங்களிலேயே தொடங்கியிருக்க வேண்டும். எனவே கண்காட்சிக்கு ஆடாதோடைத் தட்டுகளையே வைத்தாள். முழுச்செறிவுச் சாறு ஊற்றிய தட்டுகளில் பயறுகளின் வேர் குட்டையாக இருந்தது. வெறும் நீர்த் தட்டுகளில் வேர் நீண்டு சுருண்டிருந்தது. அருகில் ஒரு தட்டு மட்டும் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதன்மேல், 'குறிஞ்சி — ஆறு கிராம் — விண்ணப்பம் அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதி வைத்திருந்தாள். பார்க்க வந்தவர் பலர் பயற்றுத் தட்டுகளைக் கடந்துசென்று, அவ்வெறுந்தட்டின் முன் நின்றே மிகுதியாக வினவினர் என்று கூறினாள்.

இப்பொழுது அவள் பள்ளித் திடலில் கயிற்றுச் சதுரத்தை வைத்து அறுகம்புல்லையும் தொட்டாற்சுருங்கியையும் எண்ணிப் பழகுகின்றாள். மாமாவிடமிருந்தும் செய்தி வந்தது. சரிவின் எல்லையை அவர் வன அலுவலகத்தில் கேட்டறிந்துவிட்டாராம். அச்சரிவின் கீழ்ப்பாதி மட்டுமே சரணாலயத்திற்கு வெளியில் உள்ளதாம். விண்ணப்பத்தில் இடத்தின் பெயரைத் திருத்தி மறுமுறை அனுப்ப, நேற்று மாலை மீண்டும் எழுத அமர்ந்தோம்.